அடுப்பு எரியற நிமிஷத்தையும் கணக்குல சேருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க. போன ஞாயித்துக்கெழம உங்க பேப்பரோட வந்த இணைப்புல குறைஞ்ச செலவுல சமையல்னு ஒரு முழுப்பக்கம் போட்ருந்தீங்க, அதப் பத்தித்தான் எழுதறேன். மறுநா கம்பெனில மத்தியான சாப்பாட்டு நேரத்துல எங்க செக்கிங் டேபிள்ல இருக்கற ஆறு பேரும் ஒண்ணா உக்காந்துதான் படிச்சோம், படிச்சு முடிச்சதும் ஒருத்தி கேட்டா, "ஏனுங்கக்கா, கொடமிளகாயும் பனீரும் எந்த ரேஷன் கடைல போடறாங்க, நாமளும் போய் வாங்கிட்டு வந்தர்லாமா"ன்னு. எல்லாரும் நல்லா சிரிச்சோம். அப்புறம் வீட்டுக்கு வந்து நைட்டு பாத்திரம் கழுவறப்ப எனக்கு கொஞ்சம் கோவமா வந்துச்சு, அதான் லெட்டர்.

நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில வேல பாக்கறேன், பெரும்பாலும் ஒண்ணர ஷிப்ட்டு, காலைல 8.30க்கு உள்ள போனா வெளிய வர்றது நைட்டு 8.30. வீட்டுக்காரர் சாயப்பட்டறைல இருக்கார். பையன் ஒம்பதாவது, பாப்பா நாலாவது. லைன் வீடு, ஒரு ரூமு ஒரு சமையக்கட்டு, பிரிட்ஜ் இல்ல. சனிக்கெழம சம்பளம் வாங்குனதும் வாடக, சீட்டு, பையனோட ட்யூசன் எல்லாம் ஒதுக்கிட்டு சாப்பாட்டுக்குன்னு வாரத்துக்கு 1,000 ரூபா தனியா ஒரு டப்பால போட்டு வெச்சுருவேன், பாலு, கேஸு எல்லாம் அதுக்குள்ளதான் அடங்கணும். அதனால கம்மி செலவு சமையல்ங்கறது எங்களுக்கு ஞாயித்துக்கெழம படிச்சுட்டு எடுத்து வெக்கற விசயம் இல்லீங்க.

உங்க பக்கத்துல எல்லா ரெசிபிலயும் "எண்ணெய் தேவையான அளவு"ன்னு போட்ருக்கு. தேவையான அளவுங்கறது காசு இருக்கறவங்க பேசற பேச்சு. எங்களுக்கு இருக்கற அளவுதான், அது மாசம் ரேஷன்ல 25 ரூபாக்கு வர்ற ஒரு பாக்கெட் பாமாயில், அது தீந்தா கடைல வாங்கறது எத்தன மடங்கு வெலன்னு உங்களுக்கே தெரியும். ஆனா எனக்கு பெரிய குறை எண்ணெய் இல்ல. ஒரு ரெசிபில கூட அடுப்பு எவ்ளோ நேரம் எரியணும்னு செலவா எழுதல பாருங்க, அதான். சாமான் வெலையக் கூட்டி 60 ரூபா, 80 ரூபான்னு போட்டுட்டீங்க. கொண்டக்கடலைய "மெத்துன்னு வேகற வரைக்கும்" வேக வெக்க சொன்னீங்க, அதுக்கப்புறம் கிரேவிய "எண்ணெ பிரியற வரைக்கும்" வதக்க சொன்னீங்க, இந்த ரெண்டு வரைக்கும் சேந்தா எங்க வீட்டு அடுப்பு ஒரு மணி நேரம் எரியும்.

எங்க வீட்ல ஒரு சிலிண்டர் 50 நாள் வரும். கொண்டாந்து போடறவருக்கு குடுக்கறதையும் சேத்து 900 ரூபா ஆகுதுன்னு வெச்சுக்கோங்க, நாளைக்கு 18 ரூபா. வாரத்துக்கு 126 ரூபா, என்னோட 1,000ல எட்டுல ஒரு பங்கு கேஸே தின்னுருது, அரிசிக்கு நான் காசே குடுக்கறதில்ல ஆனா அத வேக வெக்கறதுக்கு குடுக்கறேன். கரண்டு அடுப்பு வாங்கிக்கோன்னு தங்கச்சி சொல்றா. 2016லருந்து ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் ப்ரீதான், ஆனா மீட்டரு வீட்டு ஓனரு பேர்ல இருக்கு, எங்ககிட்ட யூனிட்டுக்கு 9 ரூபான்னு எண்ணி வாங்கிக்கறாரு. லைன் வீட்ல இருக்கறவங்கள்ல பாதிப்பேருக்கு இதே கததான்.

அதனால நாங்க ரெசிபியவே வேற மாதிரி யோசிப்போம். எங்க ஊருப்பக்கம் அரிசிம்பருப்பு சாதம்னு ஒண்ணு இருக்கு, கொங்கு நாட்டுக்காரங்க எல்லாருக்கும் தெரியும், ஒரே குக்கருல அரிசியும் பருப்பும் சேந்து வெந்துரும். நாலு பேருக்கு ரேஷன் அரிசி ரெண்டு டம்ளர் நல்லா நாலஞ்சு தண்ணி விட்டு களஞ்சு அர மணி நேரம் ஊற வெச்சா அந்த வாடையும் போயிரும், சீக்கிரமும் வேகும். ரேஷன் துவரம்பருப்பு 100 கிராம், கிலோ 30 ரூபான்னா 3 ரூபா. சின்ன வெங்காயம் 6 ரூபாக்கு, தக்காளி ரெண்டு 5 ரூபா, பூண்டு 3 ரூபா, கடுகு சீரகம் மிளகாத்தூளு மஞ்சத்தூளு கறிவேப்பல எல்லாம் சேந்து ஒரு 3 ரூபா, பாமாயில் ரெண்டு கரண்டி 1 ரூபா. குக்கர்லயே தாளிச்சு வதக்கி தண்ணி ஊத்தி 3 விசில், கால் மணி நேரத்துல அடுப்ப அணச்சரலாம், கேஸுக்கு 3 ரூபா போட்டாலும் மொத்தம் 24 ரூபா. அதே பருப்ப கடைல வாங்குனா 10 ரூபா கூடும். தொட்டுக்க ஊறுகாயோ சுட்ட அப்பளமோ போதும். நைட்டு 9 மணிக்கு வந்து பண்ற சாப்பாடு இதாங்க.

பருப்பு மாசத்துக்கு ஒரு கார்டுக்கு ஒரு கிலோதான், அது பத்து நாள் வந்தா பெருசு. அப்புறம் கொள்ளு, பச்சப்பயிறு, தட்டப்பயிறுதான். கொள்ளுக்கு வேகறதுக்கு ரொம்ப நேரம் ஆகும், கேஸப் பாத்து பயந்துதான் பல பேரு கொள்ளையே விட்டுட்டாங்க. நான் என்ன பண்ணுவேன்னா நைட்டே ஊறப்போட்டுட்டு காலைல குக்கர்ல ரெண்டு விசில் விட்டு எறக்கி, மூடியத் தொறக்காம பனியன் வேஸ்ட்டுத் துணிக்குள்ள பொதச்சு வெச்சுருவேன். எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு கட்டிங் வேஸ்ட்டு கெடக்கும், ஒரு அட்டப்பெட்டி நெறைய அமுக்கி நடுவுல குழி மாதிரி பண்ணி வெச்சிருக்கேன், அதுக்குள்ள குக்கர எறக்கி மேலயும் துணிய மூடிட்டா ஒரு மணி நேரம் கழிச்சுத் தொறந்தாலும் கையச் சுடும், கொள்ளு தானா வெந்திருக்கும். (அடுப்பு பக்கத்துல மட்டும் வெக்காதீங்க, அது பஞ்சு, பத்திக்கும்.) வெந்த தண்ணி ரசத்துக்கு, கொள்ளு பூண்டு சின்ன வெங்காயம் வெச்சு கடையறதுக்கு. ஒரு தடவ கேஸ் செலவு பண்ணா ரெண்டு பதார்த்தம்.

பக்கத்து ரூம்ல பீகார் பசங்க அஞ்சு பேரு இருக்காங்க. அவுங்ககிட்ட இருக்கறது 5 கிலோ சின்ன சிலிண்டர் ஒண்ணு, ஒரே பர்னர். சாதம் வைக்கறப்பவே உருளக்கிழங்கையும் அதுலயே போட்டுருவாங்க, வெந்ததும் தோல உரிச்சு பச்ச வெங்காயம், பச்ச மிளகா, உப்பு, கடுகெண்ணெ விட்டு கையிலயே பெசஞ்சு சோக்கான்னு சாப்புடுவாங்க. கேஸ் கணக்குல எங்கள தோக்கடிச்சுட்டாங்க. அவுங்களப் பாத்துதான் நானும் சாதத்து குக்கர்லயே ஒரு டப்பால முட்டையும் கெழங்கும் வைக்கக் கத்துக்கிட்டேன்.

பிரிட்ஜு விசயமும் சொல்லணும். "மீதியை மூன்று நாள் பிரிட்ஜில் வைத்துப் பயன்படுத்தலாம்"னு எவ்ளோ சுலுவா எழுதிட்டீங்க. எங்க வீட்டு மாவு சித்திர மாசத்துல ரெண்டாவது நாளே புளிச்சு பொங்கிரும். இருந்தாலும் கடைல மாவு பாக்கெட் வாங்கறத விட ரேஷன் புழுங்கலரிசில ஆட்டறது பாதிக்கும் கம்மி, இட்லிக்கு அத அடிச்சுக்க வேற அரிசி இல்லைங்கறது என் கருத்து, 2011ல அறிவிச்ச திட்டத்துல கவர்மென்ட்டு குடுத்த கிரைண்டரும் இன்னும் ஓடிட்டுதான் இருக்கு. மொத நாள் இட்லி, மறுநா தோச, மூணாவது நாள் புளிச்ச மாவுல வெங்காயம் மிளகா அரிஞ்சு போட்டு பணியாரம். மிஞ்சுன சாதத்துல தண்ணி ஊத்தி வெச்சா காலைல அடுப்பே பத்த வைக்க வேண்டாம், பழைய சோறு, சின்ன வெங்காயம், முடிஞ்சுது. இப்ப அத பெரிய ஓட்டல்ல மண்சட்டில வெச்சு காசுக்கு விக்கறாங்களாம், வித்துட்டுப் போகட்டும்.

ஒண்ணு ஒத்துக்கறேன், பாப்பாவுக்கு காலைலயும் மத்தியானமும் ஸ்கூல்லயே சாப்பாடு கெடைக்கறதாலதான் என் கணக்கு நிக்குது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சாங்க, அதுக்கு முன்னாடி வருசம் நான் காலைல 5 மணிக்கு எந்திரிச்சது எனக்குத்தான் தெரியும். பையன் ஒம்பதாவதுங்கறதால அவனுக்கு மத்தியானம் மட்டும்தான்.

நீங்க எழுத வேண்டியது இன்னும் ஒண்ணு இருக்கு. ரேஷன் அரிசில கொஞ்சம் வேற நெறமா, தண்ணில மெதக்கற மாதிரி மணிக வருதே, அத பிளாஸ்டிக் அரிசின்னு பொறுக்கிப் பொறுக்கி வீசறவங்க எங்க லைன்லயே நாலு வீடு இருக்கு, நானும் மொதல்ல வீசுனவதான். அது செறிவூட்டுன அரிசிங்க, 100 கிலோவுக்கு ஒரு கிலோ கலக்கறாங்க, இரும்புச்சத்து, போலிக் ஆசிட், பி12 சேத்து செஞ்சது. பாப்பாவோட ஸ்கூல் டீச்சர் சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சுது. அரப்பக்கம் இதப்பத்தி போட்டிருந்தா எத்தன வீட்ல அத வீசாம சாப்ட்ருப்பாங்க.

அடுத்த தடவ சமையல் பக்கம் போடறப்ப ஒவ்வொரு ரெசிபிக்கும் கீழ அடுப்பு எத்தன நிமிஷம் எரியுதுன்னு போடுங்க. வெலை போட்டா எந்தக் கடை வெலைன்னும் போடுங்க, சூப்பர் மார்க்கெட்டா, தென்னம்பாளையம் உழவர் சந்தையான்னு. ஞாயித்துக்கெழம கொஞ்சம் லேட்டா சந்தைக்குப் போனா மிச்சம் மீதிய கொறச்சுக் குடுத்துட்டு கெளம்பிருவாங்க, ஆறு நாளைக்கு காயிக்கு 150 ரூபா எனக்குப் போதும், அந்த வெலையில நீங்க ஒரு பக்கம் சமச்சுக் காட்டுங்க, நாங்க டேபிள்ல ஒட்டியே வெச்சுக்கறோம்.

மேல சொன்ன அரிசிம்பருப்ப உங்க பக்கத்துல போடறதா இருந்தா தாராளமா போடுங்க, என் பேரு வேண்டாம். ஆனா பாமாயில்ங்கறத அடிச்சுட்டு நெய்யின்னு மாத்திராதீங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருப்பூர்.