பெயர் கேட்காத படிவம்

அன்பின் மச்சானுக்கு,

சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இங்கே காலபோக வெட்டு முடிந்து முற்றமெல்லாம் நெல் காய்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைவு, உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

உன் ஆய்வுக்கான வினாக்கொத்தின் இணைப்பு கிடைத்தது. எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லியிருந்தாய், இன்னும் போடவில்லை. கோபிக்காதே, காரணத்தைக் கேள்.

போன வருடம் நுண்கடன் பற்றி வேறொரு குழு ஒரு கூகுள் படிவம் அனுப்பியது. பெயர் கேட்கவில்லை, நானும் நம்பிப் பகிர்ந்தேன். ஆனால் பதில்களின் தொகுப்பை எல்லோரும் பார்க்கலாம் என்ற தெரிவைத் திறந்து வைத்திருந்தார்கள். படிவத்தை அனுப்பியதும் கீழே ஒரு சின்ன வரி வரும். அதைத் தொட்டால் மற்றவர்கள் எழுதியதெல்லாம் வரிசையாக விரியும். எங்கள் ஒழுங்கையில் இருக்கிற அக்கா ஒருவர் தன் கடன்பாட்டை மனம் திறந்து எழுதியிருந்தார். அவர் வழக்கமாகச் சொல்கிற ஒரு சொல் அதில் இருந்தது, அது போதுமாக இருந்தது. அன்று பின்னேரமே குழாயடியில் கதை. பிறகு கனகாலம் அவர் இருட்டின பிறகுதான் தண்ணீருக்கு வந்தார். என்ன எழுதினார் என்பதை உனக்கும் சொல்ல மாட்டேன். இவ்வளவையும் அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

உன் படிவத்தில் அந்தப் பிழை இல்லை. ஆனால் கிராம அலுவலர் பிரிவு, பிறந்த திகதி, குடும்பத் தலைவர் பெண்ணா, 2009 இல் காணாமல் ஆக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்கிறாய். இந்த நான்கும் சேர்ந்தால் எங்கள் பிரிவில் ஒரு வீடுதான் மிஞ்சும். அமெரிக்கக் கணினி ஆய்வாளர் லதான்யா ஸ்வீனியின் ஆய்வைப் பற்றி நீதானே ஒருநாள் சொன்னாய்? அஞ்சல் குறியீடு, பிறந்த திகதி, பால் மூன்றும் போதும், அமெரிக்கர்களில் சுமார் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று. அவ்வளவு பெரிய நாட்டிலேயே அப்படியென்றால், ஒரு சங்கக்கடையும் ஒரு கோயிலும் உள்ள எங்கள் ஊரை யோசித்துப் பார்.

ஆய்வுகளைச் சரிபார்க்கிற ஒழுக்கநெறிக் குழு அனுமதி தந்துவிட்டது என்கிறாய். சரி, ஆனால் அவர்களுக்கு இந்த ஊர் தெரியாதே. இங்கே பல வீடுகளில் ஒரு போன்தான். தாய்க்கு மகன் வாசித்துக் காட்டுவான், தகப்பனைப் பற்றிய கேள்விக்கு அவன் முன்னால் அவர் என்ன பதில் சொல்வார்? சிவப்பு நட்சத்திரம் போட்ட கேள்விகளைத் தாண்டவும் முடியாது. இன்னொன்று, படிவம் என்றாலே வீட்டுத்திட்டப் பட்டியல் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நினைப்பில் ‘சம்மதம்’ அழுத்தினால் அது சம்மதமா, மச்சான்?

ஆகவே பிரிவை எடுத்துவிட்டு மாவட்டத்தோடு நிறுத்து. திகதிக்குப் பதில் பத்து வருட வயதுப் பிரிவு போதும். நட்சத்திரங்களை எடு. இதனால் எந்த உதவியும் கிடைக்காது என்பதை முதல் வரியிலேயே தமிழில் எழுது. நீ பாவிக்கிற குவால்ட்ரிக்ஸ் என்ற படிவச் செயலி, பதில் எழுதுகிறவரின் ஐபி முகவரியையும் இடத்தையும் தானாகவே பதியும், அதை நிறுத்துகிற தெரிவைப் போட்டாயா என்றும் பார்.

மாற்றியதை எனக்கு அனுப்பு. அந்த அக்காவிடம் முதலில் காட்டுகிறேன், தான் வாசித்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவர் ஓம் என்றால் அன்றைக்கே குழுவில் போடுவேன்.

அன்புடன்,
உன் மச்சான்
கிளிநொச்சி