இரவு 2.40-க்கு வந்த அண்ணனுக்கும் உங்கள் எல்லோருக்கும்

நம் குதிரைகள் செவலையும் கறுப்பியும் நேற்றோடு 28 நாள் வயிற்று மருந்தை முடித்துவிட்டார்கள். இன்று காலை இருவருமே தீனித் தொட்டியை வழித்து நக்கி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்த கையோடு இதை எழுதுகிறேன். எந்த நிலையில் இங்கே வந்து சேர்ந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

இந்த மடலில் பாதிக்கு மேல் ஒரே ஒருவருக்குத்தான். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

குதிரையின் இரைப்பையில், தின்றாலும் தின்னாவிட்டாலும், அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அதைத் தணிக்கிற உமிழ்நீரோ மெல்லும்போது மட்டும்தான் ஊறும். வயிறு காலியாகக் கிடந்தால் அந்த அமிலம் மேல்பகுதிச் சுவரைப் புண்ணாக்கிவிடும். வாந்தி எடுக்கக்கூட முடியாத உயிர் அது. "அமிலத்தைக் குறைக்கிற ஒமெப்ரசோல் மருந்து பாதி வேலைதான் செய்யும். நாலைந்து மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காலியாக விடாதீர்கள், மீதி அதில்தான் இருக்கிறது" என்று கால்நடை டாக்டரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்.

பகலுக்கு ஆள் இருந்தது. இரவு 9 மணிக்குக் கடைசிப் புல், காலை 6 மணிக்கு மருந்து, நடுவில் 9 மணி நேரம். மொத்தமாக வைத்துவிட்டுப் போனால் பசிப் பதற்றத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தின்றுவிட்டு மறுபடி வெறும் வயிற்றோடு நிற்பார்கள். மூன்று இரவு லாயத்திலேயே படுத்துப் பார்த்தேன். நான்காம் நாள் காய்ச்சலில் விழுந்துவிட்டேன்.

பின்தெருவில் இருக்கும் அண்ணன் இரவு வேலை முடிந்து எங்கள் லாயத்தைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போவார். அதுவரை பார்த்தால் தலையசைப்போம், அவ்வளவுதான் பழக்கம். விஷயம் எப்படியோ காதில் விழுந்து வந்து நின்றார். "நான் எப்படியும் ரெண்டரைக்கு மேல இந்தப் பக்கமாத்தானே வர்றேன். எதை எங்க மாட்டணும்னு மட்டும் காட்டுங்க" என்றார். அதற்கு முன் குதிரையைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லையாம். மீதி 25 இரவும் அவர்தான். எடை போட்டுக் கட்டி வைத்த புல் வலைகளை மாட்டுவார், தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பார், போய்விடுவார். ஒரு நாள்கூடத் தவறவில்லை.

அதோடு விட்டிருந்தாலே போதும். ஆனால் அவர் தினமும் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கதவில் செருகிவிட்டுப் போனார். முதல் சீட்டு இது: "2.40. கறுத்தது படுத்திருந்தது. எழுந்து வந்தது. பல்லை நறநறவென்று கடிக்கிறது." பகலில் அவளோடு இருந்த எங்களில் ஒருவருக்கும் அந்தச் சத்தம் கேட்கவில்லை. அது வலியின் அடையாளம் என்று டாக்டரம்மா சொன்னார். இரைப்பைக்குள் பார்க்க 3 மீட்டர் நீள எண்டோஸ்கோப் வேண்டும். அதற்கு முந்தைய இரவு முழுக்கப் பட்டினி போட வேண்டும். இவர்களை இன்னொரு இரவு பட்டினி போட அவர் சம்மதிக்கவில்லை. அதனால் புண் என்பது இன்றுவரை சந்தேகம்தான். மருந்து கொடுத்து, வலியின் அறிகுறி தணிகிறதா என்று கவனிப்பது ஒன்றே வழியாக இருந்தது. அப்படிக் கவனித்ததில் முக்கால் பங்கு அந்தச் சீட்டுகள். ஒரு நாள் "இன்று பல் சத்தம் இல்லை" என்று எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டுக் கதவைப் பிடித்தபடி அழுதேன்.

அப்புறம் டாக்டரம்மா. மிச்சமிருந்த ஃபினைல்பியூட்டசோன் வலி மருந்து இரைப்பையை இன்னும் கெடுக்கும் என்று முதல் நாளே என் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டவர் அவர். குதிரை மசால் தீவனக் கட்டுகளை வாரந்தோறும் இறக்கிவிட்டுப் போனவர்கள், சின்னக் கண் வைத்த வலைகளை உட்கார்ந்து பின்னிக் கொடுத்த அக்கா, நான் காய்ச்சலில் கிடந்தபோது சாணம் அள்ளிய பிள்ளைகள், எல்லோருக்கும் என் நன்றி. தானிய மூட்டையோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியது என் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பட்டினியில் கிடந்த குதிரைக்குத் திடீரென மாவுச்சத்தைக் கொடுத்தால் இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிரே போகலாம். உங்கள் அன்பை நான் மறுக்கவில்லை, அந்த நேரத்தில் அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை.

கறுப்பியின் வயிற்று வாரை இறுக்கும்போதெல்லாம் காதை மடக்கிக் கடிக்க வருவாளாம். அதற்குத் திமிர் என்று பேர் வைத்து அடித்திருக்கிறார்கள். நானும் எத்தனையோ குதிரைகளைத் திமிர் பிடித்தது என்று வாய் கூசாமல் சொல்லியிருக்கிறேன். அவற்றில் எத்தனைக்கு வயிறு எரிந்துகொண்டிருந்ததோ. இனி எந்தக் குதிரையையும், அதற்கு எங்கே வலிக்கிறது என்று தேடிப் பார்க்காமல், அப்படிச் சொல்ல மாட்டேன்.

மருந்தை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது என்பதால் இன்று முதல் அளவு குறைகிறது. பசிப் பதற்றமும் அடங்கிவிட்டது. 9 மணிக்கு மாட்டும் சின்னக் கண் வலையையே நிதானமாக இழுத்து இழுத்து நள்ளிரவு தாண்டியும் தின்கிறார்கள். அதனால் இனி வர வேண்டாம், வீட்டுக்குப் போய் தூங்குங்கள் என்று நேற்று மாலை அண்ணனிடம் சொன்னேன். சரி என்று தலையாட்டினார்.

இன்று காலையும் கதவில் சீட்டு இருந்தது. "2.40. சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன். கறுப்பி வாசலிலேயே நிற்கிறாள்."