எங்கள் தொடக்கப் பள்ளிக்குத் தோள்கொடுத்த ஊர்க்காரர்களுக்கு நன்றி மடல்

பல்லடம் வட்டாரத்தில் உள்ள எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கும், அவர்களை வீட்டில் பார்த்துக்கொள்ளும் அம்மாயி, அப்புச்சி, ஆத்தா, அப்பாரு என்று தாத்தா, பாட்டிமார் எல்லோருக்கும், காலை உணவு சமைக்கும் மகளிர் குழுச் சகோதரிகளுக்கும் வணக்கம்.

கல்வியாண்டு முடிகிறது. பீரோ, ஃபேன், பெஞ்சு வாங்கித் தந்தவர்களுக்கு ஆண்டு விழா மேடையிலேயே நன்றி சொல்லிவிட்டோம். மேடை ஏறாத உதவிகளுக்காக இந்த மடலை எழுதுகிறோம். பனியன் கம்பெனி வேன் ஏறுவதற்கு முன்னும், தறியை நிறுத்திய பின்னும் நீங்கள் ஒதுக்கித் தந்த கால் மணி நேரத்தின் பலன் இன்று பிள்ளைகளின் வாசிப்பிலும் கணக்கிலும் தெரிகிறது. எது எப்படிக் கைகொடுத்தது என்று விவரமாகவே சொல்கிறோம். பக்கத்து ஊர்ப் பள்ளிகளும் எடுத்துக்கொள்ளட்டும்.

முதல் நன்றி, எழுதப் படிக்கத் தெரியாத அம்மாயிமாருக்கு. எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்ததிலிருந்து பிள்ளைகளை அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (நடு நிலை), மலர் (வகுப்புக்குரிய நிலை) என்று பார்த்துச் சொல்லித் தருகிறோம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை இன்னும் அரும்பில் இருந்தால் வீட்டில் வாசிப்புதான் முதல் மருந்து. ராத்திரிச் சோற்றுக்குப் பின் பத்து, பதினைந்து நிமிடம் போதும். பிள்ளை வாசிக்க, பக்கத்தில் உட்கார்ந்து "யாரு கண்ணு வந்தது? எதுக்குப் போனான்? அப்பறம் என்னாச்சு?" என்று கேட்டீர்கள். பதில் சொல்வதற்காகப் பிள்ளை வாசித்த வரியைத் திரும்பத் தேடிப் பார்க்கிறது. பொருள் புரிந்து படிக்கும் பழக்கம் அங்கேதான் உண்டாகிறது.

ஒரு சிக்கல் அடிக்கடி வரும். வகுப்பில் காதால் கேட்டே பாடத்தை மனப்பாடம் செய்துவிடும் பிள்ளைகள் உண்டு. விரல் ஒரு வரியில் நிற்கும், வாய் அடுத்த வரிக்குப் போய்விடும். கேட்பவருக்குச் சரளமாகப் படிப்பது போலவே இருக்கும். இதைக் கண்டுபிடிக்க நமக்குப் படிப்பு வேண்டியதில்லை. கடைசி வரியிலிருந்து மேலே ஒவ்வொரு வரியாக வாசிக்கச் சொன்னால் போதும். படிக்கத் தெரிந்த பிள்ளை சொல்லிவிடும், மனப்பாடம் செய்த பிள்ளை நின்றுவிடும். "மேல இருந்து வருது டீச்சர், கீழ இருந்து வரமாட்டீங்குது" என்று வந்து சொன்னவர்களால்தான் எந்தப் பிள்ளைக்கு எழுத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்தது.

தறி ஓடும் வீட்டில் இன்னொரு தடை. அந்தச் சத்தத்தில் பிள்ளைக்கு ல, ள, ழ வேறுபாடு காதில் விழாது. காதில் விழாத வேறுபாடு நோட்டிலும் வராது. 'வலி', 'வழி', 'வளி' மூன்றையும் ஒன்றுபோல் எழுதும் பிள்ளையை அடித்துப் பயனில்லை. சத்தம் இல்லாத இடத்தில் வாயசைவைப் பார்த்தபடி கேட்டால் பிடித்துக்கொள்ளும். தறி இல்லாத வீட்டுக்காரர்கள் சாயங்காலம் ஆறு மணிக்குமேல் தங்கள் திண்ணையைத் திறந்துவிட்டார்களே, அதற்கு ஈடாக எங்களால் எதுவும் தர முடியாது.

அடுத்தது ஈர்க்குச்சிக் கட்டு. தோப்பு வைத்திருப்பவர்கள் தென்னங்கீற்றை உருவி ஈர்க்குச்சியை ஒரே அளவாக, ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கித் தந்தீர்கள். பனியன் கம்பெனியில் வேலை செய்யும் தாய்மார் வேஸ்ட் துணியை விரல் அகலத்துக்குக் கிழித்து நாடாவாகத் தந்தார்கள். பத்துக் குச்சி ஒரு கட்டு. பத்துக் கட்டைச் சேர்த்துக் கட்டினால் நூறு. ரப்பர் பேண்ட் வெயிலில் இற்று அறுந்துவிடும். பனியன் துணி இழுத்தால் நீளும், பிள்ளைகளின் கையாலேயே அவிழ்த்துக் கட்ட வரும்.

இதன் அருமை கழித்தலில்தான் தெரியும். 32இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் பல பிள்ளைகள் 25 என்று எழுதும். இரண்டில் ஏழு போகாது என்பதால் ஏழில் இரண்டைக் கழித்து ஐந்து, மூன்றில் ஒன்று போக இரண்டு என்று போட்டுவிடும். கவனக்குறைவால் வரும் தப்பு இல்லை இது. எண்ணின் இடமதிப்பு இன்னும் புரியவில்லை என்பதற்கு அடையாளம். "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று சொல்லித் தந்தால் விடை வரும், ஆனால் யாரிடம், எதை, ஏன் வாங்குகிறோம் என்பது பிள்ளைக்குத் தெரியாது. குச்சியில் மூன்று கட்டும் இரண்டு உதிரியும் வைத்துப் பதினேழு எடுக்கச் சொல்லுங்கள். உதிரியில் ஏழு இல்லை. பிள்ளை ஒரு நொடி நம் முகத்தைப் பார்க்கும், பிறகு தானே ஒரு கட்டை அவிழ்க்கும். இப்போது இரண்டு கட்டு, பன்னிரண்டு உதிரி. ஏழை எடுத்தால் ஐந்து, ஒரு கட்டை எடுத்தால் மீதி ஒரு கட்டு. பதினைந்து. கட்டை நாம் அவிழ்த்துக் கொடுத்துவிடக் கூடாது, அது மட்டும்தான் முக்கியம்.

காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் நடக்கிறது. ஒரு பிள்ளைக்கு 50 கிராம் ரவையோ அரிசியோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு என்பது அரசு அளவு. அந்த அளவைப் பிள்ளைகள் மிச்சம் வைக்காமல் சாப்பிட வைப்பது சமைப்பவர் கையில்தான் இருக்கிறது. ஆறினால் உப்புமா இறுகிவிடும், இறுகினால் சின்னப் பிள்ளைகள் பாதியில் வட்டலை நகர்த்திவிடும். எங்கள் சகோதரிகள் ரவையை முன்கூட்டியே வறுத்து வைத்து, ஒரு பங்கு ரவைக்கு மூன்று பங்கு தண்ணீர் வைத்துத் தளர்வாகக் கிண்டினார்கள். காய்கறியைப் பொடியாக நறுக்கியதால் பொறுக்கிப் போடவும் பிள்ளைகளுக்கு வழியில்லை. பெற்றோரும் கூட உதவினீர்கள். வேனுக்குக் கிளம்பும் அவசரத்தில் ஏழு மணிக்கு டீயும் பன்னும் கொடுத்து அனுப்பினால் பள்ளியில் பசிக்காது, பதினொரு மணிக்குச் சோர்ந்துவிடும். அதைச் சொன்னதும் பலர் நிறுத்திவிட்டீர்கள்.

வாரம் ஒருமுறை தரும் இளஞ்சிவப்பு இரும்புச்சத்து மாத்திரையில் 45 மில்லிகிராம் இரும்பும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், வயிறு வலிக்கும். அதனால் மதிய உணவுக்குப் பிறகே தருகிறோம். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், அது இரும்பால் வருவது. டீ குடித்தால் இரும்பு உடம்பில் சரியாக ஒட்டாது, நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் நன்றாக ஒட்டும். மாத்திரை நாளில் மறக்காமல் நெல்லிக்காய் கொண்டுவந்து தந்த அப்பாருக்குப் பிள்ளைகள் சார்பில் தனி வணக்கம்.

ஒடிசா, பீகாரிலிருந்து வந்து இங்கே வேலை செய்யும் குடும்பங்களின் பிள்ளைகள் ஆண்டின் நடுவிலும் வந்து சேருகிறார்கள். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்பதாலோ பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பதாலோ சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. சட்டம் இருந்தும் அந்தத் தாய்மார் கேட் வரை வந்து திரும்பிப் போய்விடுவார்கள், பேச ஆளில்லை. லைன் வீட்டுக்காரர்கள் புதுக் குடும்பம் குடிவந்த அன்றே எங்களுக்குச் சொன்னீர்கள். கம்பெனியில் இந்தி பேசத் தெரிந்தவர்கள் விடுப்பு நாளில் கூட வந்து உட்கார்ந்து, பிள்ளைக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும், எதற்குப் பயப்படும் என்பதுவரை கேட்டுச் சொன்னீர்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அவர்களுக்குத் தமிழைவிட முன்னால் கபடியைக் கற்றுக்கொடுத்தார்கள். தமிழ் தானாகப் பின்னால் வந்தது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். ஆனால் கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகல் என்றால் ஷிப்ட்டுக்குப் போகும் தாய் எப்படி வருவார்? அதனால் மாதம் ஒரு ஞாயிறு காலை தனியாக உட்கார்ந்தோம். கழிப்பறைக் குழாய் ஒழுகுகிறது, தாழ்ப்பாள் விழவில்லை என்பதெல்லாம் அங்கேதான் வெளியே வந்தது. தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக்குப் பெண் பிள்ளைகள் போக மாட்டார்கள், போக வேண்டாம் என்று தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். தலைவலியும் நீர்க்கடுப்பும் அதனால்தான் வருகின்றன. குழாய் வேலை தெரிந்த அப்பாக்கள் அன்றே கையோடு சரிசெய்தீர்கள்.

தூக்கம் பற்றி நாங்கள் சொன்னதைக் கேட்டவர்களுக்கும் நன்றி. இந்த வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும். ஓவர்டைம் முடிந்து அம்மா வரும்வரை பிள்ளை விழித்திருக்கும், அது பாசம்தான். இருந்தாலும் ஏழரைக்கே சோறு ஊட்டி ஒன்பதுக்குள் படுக்க வைத்த வீடுகளில் காலையில் வயிற்றுவலி என்று அழும் பிள்ளை குறைந்தது. தூங்கிச் சாப்பிட்ட பிறகும் திங்கட்கிழமைதோறும் வயிறு வலிக்கிறது என்றால் யாரையாவது கண்டு பயப்படுகிறதா என்று மெதுவாகக் கேளுங்கள். எங்களிடம் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கும் அழைக்கலாம்.

பள்ளி திறக்கும்போது பழைய ஈர்க்குச்சிகள் உடைந்திருக்கும், புதியவை வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பத்துக் கட்டு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். குச்சியை நிழலில் காயவைத்துத் தாருங்கள், ஈரத்தோடு கட்டினால் பூஞ்சை பிடிக்கும். ஊர் நோம்பி (திருவிழா) வரும் வாரத்தைத் தவிர்த்து ஞாயிறு கூட்டத் தேதியைச் சத்துணவுக் கூடச் சுவரில் எழுதி வைக்கிறோம்.

நன்றியுடன்,
தலைமையாசிரியர், ஆசிரியர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவினர்