சொல்தா கல்லுக்குத் தண்ணீர் கொடுத்த வீட்டுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று கல்லறைத் திருநாளுக்கு வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். சொல்தா கல் மறுபடி எழுந்து நிற்கிறது. சொல்தா என்றால் பிரெஞ்சில் சிப்பாய்; முதல் உலகப் போரில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த நம் சிப்பாய்களின் பெயர் பொறித்த நினைவுக்கல் இது. புயலில் அதன் மேல் மரம் விழுந்த கதையும் பெயர்ப்பலகை மூன்று துண்டாகக் கிடந்த படமும் புதுச்சேரியில் தெரியாதவர் இல்லை. அதை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. கல் நிமிர்வதற்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல். அவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர், கல்லைத் தொடக்கூட இல்லை.

கல்லறைத் தோட்டத்தின் மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம், மாடி வீட்டு அக்கா. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் அக்கா என்றே எழுதுகிறோம்.

அவர் கொடுத்தது தண்ணீர். தண்ணீருக்கா இத்தனை பெரிய நன்றி என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் தேவை.

பெயர்ப்பலகை சலவைக்கல். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் நம் தோட்டத்து ஆழ்துளைத் தண்ணீர் உப்பு. உப்புத் தண்ணீரில் கழுவினால் அன்றைக்குக் கல் பளிச்சென்றுதான் இருக்கும். காய்ந்த பிறகு பூக்கும். கல்லின் நுண்துளைக்குள் போன உப்பு, தண்ணீர் ஆவியானதும் படிகமாகிறது. படிகம் வளர இடம் தேடி மேல்தோலைத் தள்ளுகிறது. மழை வந்தால் கரையும், வெயில் வந்தால் மறுபடி படிகமாகும். நாலைந்து வருஷம் இப்படியே போனால் விரலால் தேய்த்தாலே சர்க்கரை மாதிரி உதிரும். பலகையின் கீழ் இரண்டு வரி அப்படித்தான் உதிர்ந்திருந்தது. புயல் உடைத்தது மூன்று துண்டாக. உப்பு தின்றது அதற்கும் பல வருஷம் முன்பிருந்தே.

முதல் நாள் ஒரு துண்டை ஆழ்துளைத் தண்ணீரில் நனைத்து வைத்திருந்ததைச் சுவர் மேலிருந்து பார்த்துவிட்டு அக்கா கேட்டார்: "இந்தத் தண்ணியிலயா கழுவப் போறீங்க? எங்க பாத்ரூம் கண்ணாடி பாத்திருக்கீங்களா?" கேட்டுவிட்டு ஒரு வாளித் தண்ணீரும் ஒரு துண்டு சோப்பும் கொடுத்தனுப்பினார். "நுரைக்குதான்னு பாருங்க" என்று மட்டும் சொன்னார். நம் தண்ணீரில் சோப்பு திரிதிரியாகத் திரண்டது. அவருடையதில் மணிக்கட்டு வரை நுரை. பிறகு, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் வைத்துப் பார்த்தபோதும் அதே கதைதான்: தோட்டத்துத் தண்ணீர் நான்கு இலக்கம், அக்கா வீட்டுத் தண்ணீர் இரண்டு இலக்கம். குடிநீருக்கே லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்கிறது இந்தியத் தரநிலை.

அது மொட்டை மாடி மழைத் தண்ணீர். முதல் மழையின் முதல் பதினைந்து நிமிடத்தைத் தெருவுக்குத் திருப்பிவிட்டு, அதற்குப் பிறகு வருவதை மட்டும் தரைத்தொட்டியில் பிடித்து, சமையலுக்கு வைத்திருப்பது. கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டர் மாடியில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 60 சதுர மீட்டர் மாடிக்கு 20 மில்லிமீட்டர் மழை என்றால் 1,200 லிட்டர். சிதறுவது, உறிஞ்சுவது போகத் தொட்டிக்கு ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். அந்தச் சமையல் தண்ணீரிலிருந்து நமக்கு 600 லிட்டருக்கு மேல் கொடுத்திருக்கிறார். காலை ஆறு மணிக்கு மோட்டார் போட்டுவிட்டு, சுவர் மேல் கிடக்கும் குழாயைக் கரண்டியால் இரண்டு தட்டு தட்டுவார். தண்ணீர் வருகிறது என்று அர்த்தம். குழாய் வாயில் நாலாக மடித்த பழைய வேட்டித் துணி கட்டியிருக்கும். அதையும் அவரே தினமும் அலசிக் கட்டினார்.

அந்தத் தண்ணீர் எங்கே போனது என்று சொல்லிவிடுகிறோம். பாதிக்கு மேல் உப்பு இறக்கத்தான். பழைய செய்தித்தாள் வேண்டாம், மை இறங்கும். அச்சிடாத வெள்ளைத் தாளைக் கிழித்து ஊறவைத்துக் கூழாக்கி, நனைந்த கல்லின் மேல் விரல் தடிமனுக்கு அப்பி, அதுவாகக் காயும் வரை தொடாமல் விட வேண்டும். காயும்போது கூழ் கல்லிலிருந்து ஈரத்தோடு உப்பையும் இழுத்துக்கொள்ளும். உரித்து எறிந்துவிட்டுப் புதுக் கூழ். மூன்று முறை செய்தோம். ஒவ்வொரு முறையும் உரித்த கூழில் கொஞ்சம் எடுத்து மழைத் தண்ணீரில் கரைத்து மீட்டர் வைத்ததில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. இதை உப்புத் தண்ணீரில் செய்திருந்தால் இறக்குவதற்குப் பதில் ஏற்றியிருப்போம்.

மீதியில் பெரும்பகுதி கழுவ. கீழிருந்து மேலாக நனைத்துக்கொண்டு போக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த கல்லில் கோடு கோடாக இறங்கி அப்படியே தங்கிவிடும். நைலான் பிரஷ் போதும். கம்பி பிரஷ் தொடவே கூடாது. ஆசிட் ஊற்றினால் நுரைக்குமே, அழுக்கு போகிறது என்று நினைத்து முன்பு யாரோ ஊற்றியிருக்கிறார்கள். அங்கே நுரைத்தது கல். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம், அதுவும் உப்பைத்தான் விட்டுப் போகும்.

இனி மற்றவர்கள். இவர்களை ஒரே மூச்சில் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். துண்டுகள் விழுந்த இடத்து மண்ணை ஒரு சிறு சில்லுகூடத் தப்பாமல் சலித்துக் கொடுத்த பிள்ளைகள். கட்டுவேலைக்கு நாள் பார்க்காமல் அனுமதித்த பங்குச் சாமியார். பிரான்சிலிருந்து பணம் அனுப்பிய குடும்பங்கள். கீற்றுப் பந்தல் போட்டுக் கொடுத்தவர்.

கல் தச்சருக்குத் தனியாக ஒரு வணக்கம். பலகையைப் பிடித்திருந்த பழைய இரும்புக் கொக்கிகள் துருவேறி ஊதித்தான் ஓரங்களைப் பிளந்திருந்தன. அவற்றை எடுத்துவிட்டு 316 ரகத் துருப்பிடிக்காத எஃகில் 6 மில்லிமீட்டர் கம்பி வைத்தார். துளை 8 மில்லிமீட்டர், டிரில்லில் சுத்தியல் விசையை அணைத்துவிட்டு. எபாக்ஸி பசையைத் துளைக்குள்ளும் இணைப்பின் உள்பக்கமும் மட்டுமே வைத்தார், ஏனென்றால் வெயில் பட்டால் அது மஞ்சளாகும். முகப்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுண்ணாம்பும் சலவைக்கல் பொடியும்தான்.

பலகையைத் தாங்கும் செங்கல் தூணைக் கட்டிய கொத்தனாரும் சிமெண்ட் மூட்டையைப் பிரிக்க விடவில்லை. பழைய செங்கல் மென்மையானது, ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரத்துக்கு வழி இல்லாமல் செங்கல் உள்ளுக்குள்ளேயே மாவாகும். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டுத் தாளித்து மூன்று வாரம் தண்ணீருக்கடியிலேயே விட்டு, ஒரு பங்குக்கு மூன்று பங்கு கழுவிய ஆற்று மணல், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர். பூசிய பிறகு பத்து நாள் ஈரச் சாக்கு. இதற்கெல்லாமும் அக்கா வீட்டுத் தண்ணீர்தான் என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

எழுத்து வேலையில் உதவிய பிரெஞ்சு ஆசிரியருக்கும் நன்றி. பலகையில் இருப்பவை 1914–1918 பெயர்கள். அவற்றில் சில, 1881 ஆணைப்படி பழைய சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்று, புதுக் குடும்பப் பெயர் எடுத்த ரெனோன்சான் குடும்பங்களுடையவை. பார்த்தால் தமிழ்ப் பெயர் என்றே தோன்றாது. மற்றவை தமிழ்ப் பெயர்கள்தான், ஆனால் பிரெஞ்சு எழுத்தில். நம் 'உ'வுக்கு அங்கே 'ஓ', 'யூ' என்று இரண்டு எழுத்து. முத்து என்ற பெயருக்கு ஏழு எழுத்து. ஆங்கிலப் பழக்கத்தில் வண்ணம் தீட்டுபவர் ஓர் எழுத்தைப் பிழை என்று நினைத்து விட்டுவிட்டால் வேறு ஆளாகிவிடும். இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால், பகலில் தெரியாத வெட்டும் நிழலாக எழுந்து வரும். அப்படிப் படித்து, மேலே மெல்லிய தாள் வைத்துக் கரித்துண்டால் தேய்த்துப் படி எடுத்து, பிரெஞ்சு ராணுவ அமைச்சகம் பொதுவில் வைத்திருக்கும் 'மெமுவார் தெ ஸோம்' ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் தூரிகையை எடுத்தோம். படிக்கவே முடியாத இடத்தை ஊகித்து நிரப்பவில்லை. காலியாகவே விட்டிருக்கிறோம்.

கடற்கரைச் சாலையில் இருக்கும் போர் நினைவுச் சின்னத்துக்கு பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14-க்கு மலர்வளையம் வரும், விளக்கு வரும். கல்லறைக்குள் இருக்கும் இந்தக் கல்லைத் தேடி வருவது பெரும்பாலும் பேரப்பிள்ளைகளும் மழையும்தான். பேரப்பிள்ளைகள் வருவது குறைந்துகொண்டே போகிறது. மழையையாவது ஒழுங்காகப் பிடித்து வைப்போம் என்று முடிவு செய்திருக்கிறோம். காவலர் கொட்டகைக் கூரை விளிம்பில் மழைத் தண்ணீர் வழிந்தோடத் தகர ஓடை வைத்து, கீழே 500 லிட்டர் பீப்பாய் ஒன்று. இனி இந்தக் கல்லுக்கு அந்தத் தண்ணீர் மட்டும், வருஷத்துக்கு ஒரே ஒரு கழுவல், அக்டோபர் கடைசி வாரத்தில். மெழுகுவத்தியைக் கல்லின் மேல் ஒட்டாமல் முன்னால் வைத்திருக்கும் மணல் தட்டில் நட வேண்டும் என்பதும் ஒரு வேண்டுகோள். உருகிய மெழுகு இறங்கிய இடத்தில் எண்ணெய்க் கறை போல நிற்கிறது, அதை எடுக்க நமக்கு இன்னும் வழி தெரியவில்லை.

பீப்பாய்க் குழாய்க்குப் பூட்டு போட்டிருக்கிறோம், யாரும் கை கால் கழுவித் தீர்த்துவிடாமல் இருக்க. சாவி அக்கா வீட்டு வாசல் ஆணியில் தொங்குகிறது. வேண்டுபவர்கள் சுவரில் இரண்டு தட்டு தட்டினால் போதும்.