பேஸுக்கு இடம் விட்ட கிட்டார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பங்க் என்கிற வேகமான, முரட்டு ராக் இசை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இதையெல்லாம் யாராவது எழுதினாலே எனக்குச் சந்தோஷம். ஆனாலும் ஒரு விஷயம் உறுத்துகிறது. கிட்டாரில் மூன்று கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கட்டு) தெரிந்தால் போதும், மிச்சத்தைக் கோபம் பார்த்துக்கொள்ளும் என்கிற தொனியிலேயே கட்டுரை போகிறது. கோபம் அன்றைக்கு எல்லா பேண்டிடமும்தான் இருந்தது. அப்படியிருந்தும் பாதிக்கு மேற்பட்டவை ஒன்றைப் போலவே இன்னொன்று வாசித்தன. தனக்கென்று ஒரு ஒலியைக் கண்டுபிடித்த பேண்டுகள் வேறு என்னவோ செய்திருக்க வேண்டும், இல்லையா?

கட்டுரையில் பெயர்கூட வராத மினிட்மென் பேண்டை எடுத்துக்கொள்ளுங்கள். லாஸ் ஏஞ்சலிஸின் துறைமுகப் பகுதியான சான் பெட்ரோவைச் சேர்ந்த மூன்று பேர். கிட்டாரும் பாட்டும் டி. பூன், பேஸ் (கீழ் ஸ்தாயியில் ஒலிக்கும் கிட்டார்) மைக் வாட், டிரம்ஸ் ஜார்ஜ் ஹர்லி. பூனும் வாட்டும் சிறுவயதுத் தோழர்கள். பையன்கள் தெருவில் சுற்றி வம்பில் மாட்டாமல் இருக்கட்டும் என்று இருவரையும் வாசிக்க உட்கார வைத்தவர் பூனின் அம்மா. வாட்டை பேஸ் வாசிக்கச் சொன்னதும் அவர்தான். பேஸின் தந்தி தடிமனாக இருக்கும் என்பதே தெரியாமல், சாதாரண கிட்டாரில் நான்கு தந்தியை மட்டும் வைத்துக்கொண்டு வாட் பழகியிருக்கிறார்.

மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிக்கிற எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். கோயில் திருவிழா மேடையில் பேஸ் என்று ஒன்று வாசிக்கப்படுவதே கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. சரி, அது என் புலம்பல்.

பூனும் வாட்டும் முதலில் எங்களைப் போலத்தான். கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் மாதிரி பெரிய குழுக்களின் பாட்டை அச்சு அசலாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். சொந்தமாகப் பாட்டு எழுதலாம் என்ற எண்ணமே ஹாலிவுட்டில் பங்க் கச்சேரிகளைப் பார்த்த பிறகுதான் வந்தது. அப்போதும் உடனே தனி ஒலி வந்துவிடவில்லை. 1978-இல் ரியாக்‌ஷனரிஸ் என்ற பெயரில் ஆரம்பித்த முதல் பேண்டில், மற்ற ராக் பேண்டுகளைப் போலவே முன்னால் நின்று பாட ஒருவர், பின்னால் வாசிக்க மற்றவர்கள். அது கலைந்து 1980-இல் மினிட்மென் ஆனபோது, பாடுவதற்கென்று தனி ஆள் வேண்டாம் என்று பூன் முடிவெடுத்தார்.

அப்புறம் அவர் செய்ததுதான் விஷயம். தன் கிட்டாரின் ஆம்ப்ளிஃபையரில் கீழ் ஒலிக்கான பேஸ் குமிழை அடியோடு குறைத்து, மேல் ஒலிக்கான ட்ரெபிளை ஏற்றிவிட்டார். கிட்டார் மெலிந்து, கீச்சென்று வெட்டி வெட்டி ஒலிக்க ஆரம்பித்தது. கீழ் ஸ்தாயி முழுவதும் வாட்டுக்குக் காலியானது. நடுவே ஹர்லி தாராளமாக உருட்ட இடம் கிடைத்தது. கிட்டார்காரர் மற்ற இருவரையும் அமுக்கக் கூடாது, மூவருக்கும் சம இடம் வேண்டும் என்பது பூனுக்கு அரசியல் நிலைப்பாடு என்று வாட் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவர்களுடைய எந்தப் பாட்டைக் கேட்டாலும் மெட்டை பேஸ் இழுத்துக்கொண்டு போவதைக் கவனிக்கலாம். வேறு யார் வாசிப்பிலும் அந்த அமைப்பு அப்படியே வராது.

பாட்டின் நீளத்தையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் வயர் பேண்டு 1977-இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் சுமார் 35 நிமிடத்தில் 21 பாட்டு. சொல்ல வந்தது முடிந்தால் பாட்டும் முடியலாம், பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாட வேண்டியதில்லை என்பதை அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து 'பாப் குரூப்' என்ற பேண்டிடமிருந்து, ஃபங்க் என்கிற கறுப்பின நடன இசையின் தாளத்தைக் கோணல்மாணலாக வாசிக்கும் துணிச்சல். வாங்கியது இரண்டுமே வெளியிலிருந்துதான். ஆனால் அந்த மெலிந்த கிட்டாருக்கும் ஓங்கிய பேஸுக்கும் நடுவில் போட்டதும் அவை சான் பெட்ரோ சரக்காகிவிட்டன. 1981-இல் வந்த முதல் ஆல்பத்தில் 18 பாட்டு, மொத்தமே 15 நிமிடம்.

கட்டுரையாளர் பணத் தட்டுப்பாட்டைத் தியாகம் மாதிரி எழுதியிருக்கிறார். இவர்களிடம் அது வேலை முறை. நள்ளிரவுக்குப் பிறகு ஸ்டூடியோ வாடகை குறைவு என்பதால் அப்போது போய்ப் பதிவு செய்வார்கள், அதுவும் ஏற்கெனவே பயன்படுத்திய டேப்பில். வெட்டி ஒட்டுகிற செலவு மிச்சம் என்று, ஆல்பத்தில் வரப்போகும் வரிசையிலேயே பாட்டுகளை வாசிப்பார்கள். இப்படி வேலை செய்ய ஒத்திகை பக்காவாக இருந்தாக வேண்டும். வாசிக்கத் தெரியாதவர்களின் இசை பங்க் என்கிறவர்கள் இதை எங்கே வைப்பார்கள்?

1984-இல் வந்த 'டபுள் நிக்கல்ஸ் ஆன் த டைம்' இரட்டை எல்.பி. (இரண்டு இசைத்தட்டு, நான்கு பக்கம்), 45 பாட்டு. அதே இசை நிறுவனத்தில் இருந்த ஹஸ்கர் டூ பேண்டு இரட்டை ஆல்பம் பதிவு செய்ததைப் பார்த்து, நாமும் செய்வோம் என்று கிளம்பி, கூடுதலாகப் பாட்டெழுதிச் சேர்த்தது. மூன்று பக்கங்களுக்கு ஆளுக்கொன்றாகப் பாட்டுகளைப் பொறுக்கிக்கொண்டார்கள். மிஞ்சியதெல்லாம் நான்காவது பக்கம், அதன் பெயர் 'பதர்'. அட்டையில் வாட் கார் ஓட்டுகிறார். 'டபுள் நிக்கல்ஸ்' என்றால் அமெரிக்க லாரிக்காரர் பேச்சில் 55 மைல் வேகம்; அதனால் வேகமானி முள் சரியாக 55 மைலில் நிற்க வேண்டும், கண்ணாடியில் அவர் கண் தெரிய வேண்டும், எதிரே சான் பெட்ரோ பலகை வர வேண்டும். மூன்றும் ஒரே படத்தில் விழும்வரை திரும்பத் திரும்ப ஓட்டி எடுத்திருக்கிறார்கள்.

1985 டிசம்பர் 22 அன்று அரிசோனாவில் நடந்த வேன் விபத்தில் பூன் இறந்துபோனார். வயது 27. மினிட்மென் அதோடு முடிந்தது.

கட்டுரையின் கடைசியில், புதிதாகக் கேட்பவர்களுக்கென்று ஒரு பட்டியல் கொடுத்திருந்தீர்கள். அதில் இந்தப் பேண்டையும் சேர்க்க முடியுமா? அந்த 1981 ஆல்பத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். ஹெட்ஃபோனில் கேட்கச் சொல்லுங்கள்; செல்போன் ஸ்பீக்கரில் பேஸ் கேட்காது.

இப்படிக்கு,
மெல்லிசைக் குழு பேஸ் கலைஞர் ஒருவர்,
திண்டுக்கல்