படிவம் கணினிக்கு ஏறினால் மட்டும் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

இலங்கையில் அரசுக்குச் செலுத்தவேண்டிய கட்டணங்களை நிகழ்நிலையில் செலுத்தும் ‘கவ்பே’ (GovPay) வசதி 2025 பெப்ரவரியில் ஆரம்பிக்கப்பட்டமை வரவேற்கத்தக்கது. ஆயினும் பணம் கட்டுவது விரைவானால் அலுவல் முடிந்துவிடுவதில்லை. அண்மையில் அரச அலுவலகமொன்றுக்கு இணையவழியே விண்ணப்பித்த நான், அதே படிவத்தை அச்சிட்டு, கிராம அலுவலரின் ஒப்பமும் முத்திரையும் பெற்று, பிறப்புச் சான்றிதழின் பிரதியுடன் நேரில் கையளிக்குமாறு பணிக்கப்பட்டேன். அந்தச் சான்றிதழை வழங்கியதும் அரசுதான். இலத்திரனியல் ஆவணங்களுக்கும் ஒப்பங்களுக்கும் 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டமே அங்கீகாரம் அளித்திருக்க, திணைக்களங்கள் தமக்குள் தரவுகளைப் பரிமாறாமல் பொதுமகனைத் தபாற்காரனாக்குவது ஏன்? (முன்னாள் எழுதுவினைஞனான எனக்கே இந்த அலைச்சல்.)

வடக்கு, கிழக்கின் நிர்வாக மொழி தமிழ் என்கிறது அரசியலமைப்பு. நான் பயன்படுத்திய தளத்திலோ தமிழைத் தெரிவுசெய்த பின்னரும் முக்கிய அறிவுறுத்தல்கள் ஆங்கிலத்திலேயே வந்தன. இதனால் எம் அயலிலுள்ள முதியோர், கடையில் இருக்கும் இளைஞரிடம் அடையாள அட்டை இலக்கத்தையும் கடவுச்சொல்லையும் ஒப்படைத்தே விண்ணப்பிக்கின்றனர். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022 இல் சட்டம் இயற்றிய அரசு, பிரதேச செயலகந்தோறும் தமிழில் உதவும் அலுவலர் ஒருவரையேனும் இதற்கென அமர்த்த வேண்டும்.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்,
கொக்குவில், யாழ்ப்பாணம்.