நடுகைக்கு முன் இறக்குமதி வரியைச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு இதழில் வந்த வர்த்தகக் கொள்கைக் கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். உலக வழங்கல் சங்கிலி எப்படி இயங்குகிறது என்று வடக்கு விவசாயிக்கு இன்னும் விளங்கவில்லை என்று அதில் ஒரு வரி. எழுதியவர் படித்தவர். ஆனாலும் அந்த வரி என்னை நித்திரை கொள்ள விடவில்லை.

நான் யாழ்ப்பாணத்துக் கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண்ணில் நாற்பது வருடமாக உருளைக்கிழங்கும் வெங்காயமும் செய்கிறவன். என் விதைகிழங்கு ஒல்லாந்திலிருந்து கப்பலில் வருகிறது. யூரியாவும் கடல் கடந்துதான் வருகிறது. மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மிசின் யப்பானில் செய்தது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவானபோது, மிளகாய்க் கன்று வாடுவதைப் பார்த்துக்கொண்டு வரம்பில் நின்றேன். விதைகிழங்குக் கப்பல் பிந்தினால் கார்த்திகை நடுகை மார்கழிக்குப் போகும். பிந்தி நட்டது வெயிலில் அகப்பட்டுக் கிழங்கு சிறுத்துவிடும். சங்கிலியை இதைவிட எப்படி ஐயா விளங்கிக்கொள்வது?

1970 முதல் 1977 வரை இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தது. செத்தல் மிளகாயும் வெங்காயமும் விற்ற காசில்தான் அப்பா கல்வீடு கட்டினார். 1977இல் ஆட்சி மாறி, இறக்குமதிக்குக் கதவு திறந்தது. அதற்குப் பிறகு அதே செத்தலைச் சாக்கோடு திருப்பிக் கொண்டுவந்து திண்ணையில் இறக்கினார். அன்று அவர் சாப்பிடவில்லை. கதவைத் திரும்பப் பூட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த வருடங்களில் பாணுக்கு வரிசையில் நின்ற சனத்தையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

உரக் கதை உங்களுக்குத் தெரிந்ததே. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசின் வர்த்தமானி அறிவித்தலால் நிறுத்தினார்கள், நவம்பரில் கைவிட்டார்கள். இடையில் அழிந்த பயிருக்கு எனக்கு எவரும் பதில் சொல்லவில்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் யூரியா இல்லாமல் பூவரசங்குழை தாட்டுப் பயிர் செய்த எங்களுக்கு இயற்கைப் பசளை பற்றிப் பாடம் மட்டும் எடுத்தார்கள்.

இந்தியா 2023 டிசெம்பர் 8இல் வெங்காய ஏற்றுமதியைத் தடைசெய்தது. தன் சனத்துக்கு விலை ஏறாமல் பார்த்துக்கொண்டது, அதில் பிழை இல்லை. அந்த மாதங்களில் வியாபாரிகள் என் படலை தேடி வந்தார்கள். அடுத்த மே மாதம் தடை நீங்கியதும் ஒருவரையும் காணவில்லை.

எல்லாவற்றிலும் எனக்கு நோவது கிழங்குதான். ஒரு வருடம் நான் கிழங்கு கிண்டிய அதே கிழமை, பிறநாட்டுக் கிழங்கு மூட்டைகளோடு லொறிகள் சந்தையில் நின்றன. எனக்குக் கேட்ட விலை கிண்டிய கூலிக்கும் காணாது. அதிலும் பத்து வீதத்தைக் கழிவு என்று பிடித்துக்கொண்டார்கள். இறக்குமதிக் கிழங்குக்குப் போடும் விசேட வர்த்தகப் பண்ட வரியை நிதியமைச்சர் ஒரு வர்த்தமானியால் இரவோடிரவாக மாற்றலாம். நட்ட கிழங்கை நான் இரவோடிரவாக மாற்ற முடியுமா?

2025 ஏப்ரலில் அமெரிக்கா எங்கள் ஏற்றுமதிக்கு 44 வீத வரி அறிவித்தபோது நாடே பதறியது. பேசிப் பேசி 20 வீதத்துக்குக் குறைத்தார்கள். நல்லது, ஆடைத் தொழிற்சாலைகளில் எங்கள் பிள்ளைகளும் தைக்கிறார்கள். அந்தப் பதற்றத்தில் கால்வாசி ஒரு கிழங்குத் தோட்டத்துக்காகவும் வரக்கூடாதா?

நடுகைக்கு முன் வரியை அறிவித்து, அறுவடை முடியும்வரை அதை மாற்றக்கூடாது. இதை அரசாங்கத்திடம் கேட்டுக் களைத்துவிட்டோம். உங்களிடம் கேட்பது ஒன்றே. நீங்கள் போடும் மரக்கறி விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில், இறக்குமதிக் கிழங்குக்கும் வெங்காயத்துக்கும் அன்றைய வரி கிலோவுக்கு எத்தனை ரூபா என்று ஒரு குறிப்புப் போடுங்கள். இந்தக் கார்த்திகைக்கு முன்னரே தொடங்கினால் பெரிய உதவி.

இப்படிக்கு,
ஒரு தோட்டக்காரன்,
கோப்பாய்.